நீல டிக் விழுந்த பிறகு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவரின் கைபேசியில் பழைய கல்லூரித் தோழனிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வருகிறது. "அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிஞ்சுதுடா. இப்ப பரவாயில்ல. நீ எப்படி இருக்கே?" படித்ததும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. இதற்கு ஒரு வரியில் பதில் போடுவது மரியாதையில்லை, வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்கிறார். பேருந்து வருகிறது. ஏறி, சில்லறை தேடி, டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்காரும்போது அந்த முடிவு அவர் தலைக்குள் இல்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு பல் துலக்கும்போது சுரீரென்று நினைவு வருகிறது. பதினொரு நாள் ஆகிவிட்டது. இப்போது "எப்படி இருக்கார்?" என்று கேட்டால் என்ன நினைப்பான்? நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம். அந்த நாளையும் போகிறது. ஒரு மாதம் கழித்து எழுதுவதற்கே கை கூசுகிறது. மறுமுனையில் இருக்கும் தோழனுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு நீல டிக்குகள் மட்டுமே. படித்திருக்கிறான், பதில் போடவில்லை. அவனுக்கு நான் அவ்வளவுதான் என்று தோழன் முடிவுக்கு வருகிறான்.

இது தனி ஒருவரின் கதை அன்று. ஏடிஎச்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள பெரியவர்கள், மனநல மருத்துவரின் அறையில் வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. மறந்துபோன பிறந்தநாள், போகாமல் விட்ட கல்யாணம், விசாரிக்காமல் விட்ட துக்கம், முக்கால் மணி நேரம் காக்கவைத்த ஓட்டல் மேசை என்று பட்டியல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். தோழன் மீதான அன்பில் குறை எதுவும் இல்லை. அந்த அன்பைச் சரியான நாளில் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில்தான் மூளை இடறுகிறது.

நாற்பது பேரில் ஒருவர்

'மாமன்னன்' படத்தில் ரத்தினவேலுவாக மிரட்டிய நடிகர் ஃபகத் ஃபாசில், 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில், தனக்கு ஏடிஎச்டி இருப்பது 41 வயதில் கண்டறியப்பட்டது என்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்காராமல் ஓடும் பையனின் பிரச்சினை என்றே இதை அறிந்தவர்களுக்கு, நாற்பது வயதில் இது எப்படி வரும் என்ற கேள்வி எழுவது இயல்பு. உண்மையில் அது நாற்பதில் வருவதில்லை. சிறு வயதிலிருந்தே கூட இருந்தது, பெயர் மட்டும்தான் தாமதமாகக் கிடைக்கிறது.

தாமதத்துக்கு மருத்துவ வரலாறும் ஒரு காரணம். 1902இல் லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறைவில்லாமல், ஆனால் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் தொடர் உரைகள் நிகழ்த்தினார். அதற்கு அவர் கொடுத்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்ற பொருள் தருவது. நடத்தைக்குள் குணத்தைத் தேடும் பார்வை அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. 1968இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைக் குழந்தைப் பருவக் கோளாறு என்றும், வளரிளம் பருவத்தில் பொதுவாகக் குறைந்துவிடும் என்றும் எழுதியது. 1980இல்தான் 'கவனம்' என்ற சொல் நோயின் பெயருக்குள் வந்தது. 2013இல் வெளியான அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டாம், ஐந்து போதும் என்று தளர்த்தியது. ஆனால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கணக்கீட்டின்படி, பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இது உண்டு. நானூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்களில் பலர் சிறு வயதில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள். அவர்களில் பலரிடம் ஓட்டமும் துள்ளலும் குறைவு, பகல்கனவும் மறதியும் அதிகம். யாருக்கும் தொந்தரவு தராத பெண்ணை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

வளர்ப்பு சரியில்லை என்ற பழியும் இதற்குப் பொருந்தாது. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள், மக்களிடையே இதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதத்துக்கு மரபணுக்களைக் காரணமாகக் காட்டுகின்றன. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஃபிலிப் ஷா குழுவினர் 2007இல் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, மூளைப் புறணியின் பாதிப் பகுதிகள் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை, ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்குப் பத்தரை என்று தெரிந்தது. திட்டமிடவும் தன்னைத் தடுத்து நிறுத்தவும் உதவும் முன்மூளைப் பகுதியில்தான் தாமதம் அதிகம்.

இன்னொரு உண்மையும் நட்புக்கு முக்கியமானது. சிறு வயதிலிருந்து 558 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2022இல் வெளியானது. இளமைப் பருவத்துக்குள் நிலையாக முழுக்கக் குணமானவர்கள் சுமார் 9 சதவீதம்தான். பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. "போன வருஷம் என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு விடியக்காலையிலேயே வந்து நின்னியே, இந்த வருஷம் மட்டும் என்ன?" என்ற கேள்விக்கு இந்த ஏற்ற இறக்கத்திலும் விடை இருக்கிறது.

இப்போது, பிறகு

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997இல் முன்வைத்த கோட்பாடு, இந்தக் குறைபாட்டின் மையத்தைக் கவனத்திலிருந்து தன்கட்டுப்பாட்டுக்கு நகர்த்தியது. உடனே எழும் தூண்டுதலை ஒரு கணம் நிறுத்தி வைப்பது, சொல்ல வந்ததை மனத்தில் பிடித்து வைப்பது, நேரத்தை உணர்வது, எதிர்காலத்துக்காக இன்று ஒரு காரியத்தைச் செய்வது ஆகியவற்றை ஒரே திறன் தொகுப்பாக அவர் பார்த்தார். ஏடிஎச்டி உள்ளவர்களுக்குக் காலம் சரியாகக் கண்ணில் படுவதில்லை என்றும் சொன்னார். பலர் தங்கள் அனுபவத்தை இன்னும் எளிமையாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இரண்டே காலம்தான் உண்டு. ஒன்று இப்போது, மற்றொன்று பிறகு. அடுத்த வாரம், அடுத்த மாதம், அடுத்த வருடம் எல்லாம் 'பிறகு' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடும்.

உளவியலில் வருங்கால நினைவு என்று ஒன்று உண்டு. நடந்ததை நினைவுகூர்வது வேறு, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் நினைவுகூர்வது வேறு. இந்த இரண்டாவதே வருங்கால நினைவு. அதிலும் இரு வகை. மருந்துக் கடையைப் பார்த்ததும் மாத்திரை வாங்க வேண்டும் என்று தோன்றுவது ஒரு வகை, அங்கே கடையே நினைவூட்டுகிறது. ஐந்து மணிக்கு ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்பது மற்றது, அங்கே நினைவூட்ட எதுவும் இல்லை, மூளையே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டாம் வகையில். வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்ற எண்ணம் பேருந்தில் ஏறியதும் கரைந்துபோவது இதனால்தான்.

விரும்பும் வேலை என்றால் மட்டும் மணிக்கணக்கில் உட்கார முடிகிறதே என்பது வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்கும் குற்றச்சாட்டு. அதற்கான விடையில் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் நோரா வோல்கோவ் குழுவினர், மருந்து எடுத்துக்கொள்ளாத 53 ஏடிஎச்டி பெரியவர்களின் மூளையைப் படமெடுத்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊக்கத்தையும் வெகுமதி உணர்வையும் இயக்கும் பகுதிகளில் டோபமைன் ஏற்பிகளும் கடத்திகளும் குறைவாக இருந்தன. புதியது, சுவாரசியமானது, அவசரமானது மூளையை எழுப்பிவிடும். வழக்கமானது எழுப்பாது. இதை வைத்துப் பார்த்தால் நட்பின் ஒரு பழைய வலியும் புரிகிறது. அறிமுகமான புதிதில் தினமும் இரண்டு மணி நேரம் பேசி, நள்ளிரவிலும் பாட்டு அனுப்பி, ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றிய ஒருவர் மூன்றாம் மாதம் அமைதியாகிவிடுகிறார். தான் சலித்துப்போன பொம்மையாகிவிட்டோம் என்று மற்றவர் புண்படுகிறார். இவருக்கோ அந்த நண்பர் மீதுள்ள பிரியம் இம்மியும் குறைந்திருக்காது.

ஐந்தில் ஒரு நொடி

பேச்சில் வரும் சிக்கல் வேறு மாதிரி. பத்து மொழிகளில் மனிதர்கள் எப்படி மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதை அளந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் 200 மில்லி நொடிக்குப் பக்கத்தில், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு சொல்லை மூளை தயாரிக்கவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. ஆகவே அரட்டை அடிக்கும் எல்லோருமே எதிராளி பேசும்போதே தங்கள் பதிலைத் தயாரித்து, அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் எப்போது முடிப்பார் என்று கணித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடும் ரயிலில் ஏறுவது போன்ற இந்த வேலையை நாம் செய்வது நமக்கே தெரிவதில்லை.

தயாரான பதிலைப் பிடித்து வைக்கும் இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். ஏடிஎச்டி உள்ள பலருக்கு அந்த இடம் குறுகலானது. காத்திருந்தால் சொல்ல வந்தது நழுவிவிடும், அல்லது அதையே பிடித்துக்கொண்டிருந்தால் எதிராளி சொல்வது காதில் விழாது. அதனால் குறுக்கே பாய்ந்து சொல்லிவிடுகிறார்கள். "என்னைப் பேசவே விட மாட்டேங்கறா" என்று தோழி சலித்துக்கொள்கிறாள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தமான உணவகத்தில் இது இன்னும் கடினம். எந்தக் குரலைத் தொடர்வது என்று தெரியாமல் சிலர் ஊமையாகிவிடுகிறார்கள், சிலர் கூட்டத்துக்கே வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

சிறு வயதிலேயே விழுந்த தீர்ப்பு

பதில் போடாததற்கு மறதி மட்டும் காரணமென்றால் நினைவு வந்ததும் போட்டிருக்கலாமே? பதினோராம் நாள் நினைவு வந்த பிறகும் கை ஏன் நகரவில்லை? அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

டிரூ எர்ஹார்ட், ஸ்டீபன் ஹின்ஷா ஆகிய உளவியலாளர்கள் ஒரு கோடைக்கால முகாமில், ஒருவரையொருவர் முன்பின் அறியாத சிறுவர்களைக் கவனித்து 1994இல் முடிவுகளை எழுதினார்கள். முதல் நாள் முடிவதற்குள் ஏடிஎச்டி சிறுவர்களில் பலரை மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பெட்ஸி ஹோசா குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎச்டி குழந்தைகளில் 52 சதவீதம் பேர் வகுப்புத் தோழர்களால் ஒதுக்கப்பட்டவர்கள் என்ற பிரிவில் விழுந்தார்கள். இப்படி வளர்ந்தவர் பெரியவரான பிறகு, நண்பரின் குரலில் லேசாகச் சலிப்பு தட்டினாலும் பழைய முகாம் வாசலிலேயே மறுபடி நிற்பது போல உணர்வதில் ஆச்சரியம் இல்லை.

உணர்ச்சிகள் வேகமாகப் பொங்கி மெதுவாக அடங்குவதும் இந்தக் குறைபாட்டோடு சேர்ந்தே வருகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் பால் வெண்டர், பெரியவர்களுக்காக வகுத்த அளவுகோலில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மனநிலை ஊசலாட்டத்தையும் சட்டென்ற கோபத்தையும் சேர்த்திருந்தார். நிராகரிப்பைத் தாங்க முடியாத கடும் வேதனைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் வில்லியம் டாட்சன் தனிப் பெயரே சூட்டியிருக்கிறார். அது அதிகாரபூர்வக் கையேட்டில் இல்லை என்றாலும், படித்தவுடன் "இது என்னைப் பற்றித்தான்" என்று சொல்பவர்கள் ஏராளம்.

ஆக, சங்கிலி இப்படி நீள்கிறது. மறதி தாமதத்தைத் தருகிறது, தாமதம் வெட்கத்தை. வெட்கம் தவிர்ப்பாக மாறுகிறது, தவிர்ப்பு இன்னும் நீண்ட தாமதத்தில் முடிகிறது. முதல் கண்ணி மூளையின் அமைப்பிலிருந்து வருவது. மற்றவை கற்றுக்கொண்டவை. கற்றுக்கொண்டதை மாற்ற முடியும்.

விடுதி கொடுத்ததும் வாழ்க்கை எடுத்ததும்

ஏடிஎச்டி உள்ள பலர், காலேஜில் நிறைய நண்பர்கள் இருந்தார்கள், வேலைக்குப் போன பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள் என்கிறார்கள். இது அவர்களுடைய கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. விடுதியில் இருக்கும் மாணவருக்கு இந்த 200 மணி நேரம் தானாகச் சேர்ந்துவிடும். மெஸ் வரிசை, ஒரே பெஞ்சு, கடைசி பஸ், பரீட்சைக்கு முந்தைய இரவு. யாரும் யாரையும் நினைவு வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை, கண் விழித்தால் நண்பர் எதிரே நிற்கிறார். பெரியவர்களின் நட்புக்கு அந்தக் கட்டடம் இல்லை. ஒவ்வொரு சந்திப்பையும் யாராவது நினைத்து, நாள் குறித்து, கேட்டு, கிளம்பி வந்து நடத்த வேண்டும். ஏடிஎச்டி மூளைக்கு எந்த வேலை மிகக் கடினமோ, அதையே வயது வந்தோர் உலகம் நட்புக்கு நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறது.

தொடர்பு குறைந்தால் நட்பு தேய்வது எல்லோருக்கும் பொதுவானது. பிரிட்டனில் பள்ளி முடித்த 30 பேரை 18 மாதங்கள் தொடர்ந்த சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும், பேச்சும் சந்திப்பும் குறைந்தபோது நண்பர்களிடம் உள்ள நெருக்கம் குறைந்ததையும், உறவினர்களிடம் அது பெரிதாகக் குறையாததையும் கண்டார்கள். சித்தப்பாவை மூன்று வருடம் பார்க்காவிட்டாலும் சித்தப்பாவாகவே இருப்பார். நண்பருக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

இழப்பு மனவருத்தத்தோடு நிற்பதும் இல்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளிலிருந்து 3,08,849 பேரின் தரவுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

மொய் நோட்டு

நினைவைத் தலைக்கு வெளியே வைப்பது நமக்குப் புதிய யோசனை இல்லை. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, யார், எந்த ஊர், எவ்வளவு என்று மொய் நோட்டில் எழுதுகிறார்கள். நாலு வருடம் கழித்து அந்த வீட்டில் காதுகுத்து வந்தால் நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். எழுதி வைத்துப் பார்த்ததால் அந்த உறவு போலி என்று யாரும் சொல்வதில்லை. முந்தானையில் முடிச்சுப் போட்ட பாட்டியின் பாசத்தையும் யாரும் சந்தேகித்ததில்லை. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் முக்கிய ஆலோசனையும் இதுதான். மூளையிடம் அதனால் முடியாததைக் கேட்காமல், நினைவை வெளியே கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக்கொள்வோம். சிறந்த பதிலுக்குக் காத்திருப்பதுதான் அங்கே வினையாகிறது. படித்த அதே நிமிடத்தில் "பார்த்துட்டேன்டா, அப்பா நல்லா இருக்கறது கேட்டு நிம்மதி. ராத்திரி கூப்பிடறேன்" என்று நின்றபடியே தட்டிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. தட்ட முடியாவிட்டால் குரல் பதிவு. அதற்கும் நேரமில்லையென்றால் செய்தியைப் படிக்காததாகக் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது, அந்தப் பச்சைப் புள்ளியே மொய் நோட்டாகிவிடும்.

அடுத்தது, கடிகாரத்தை நம்பும் வேலையை நிகழ்ச்சியோடு கட்டிவிடுவது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வளர்த்தெடுத்த முறை இது. "இன்றைக்குக் கூப்பிட வேண்டும்" என்று நினைப்பதற்குப் பதிலாக, "ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் கூப்பிடுவேன்" என்று முடிவு செய்வது. 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்தபோது, இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று திட்டமிட்டவர்கள் இலக்கை எட்டுவதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டது உறுதியானது. ஏடிஎச்டி குழந்தைகள் தங்களைத் தடுத்து நிறுத்திக்கொள்ளவும் இந்த முறை உதவியதை 2008இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. கழுவிய தட்டு, மருந்துக் கடையைப் போல, நினைவூட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது.

சந்திப்புகளையும் விடுதி நாட்களைப் போலத் தானாக நடப்பவையாக மாற்றலாம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, அதே டீக்கடை. எப்போது, எங்கே, யார் கூப்பிடுவது என்ற மூன்று கேள்விகளும் ஒரேயடியாக ஒழிகின்றன. வாரந்தோறும் கூடும் ஷட்டில் குழு, நடைப்பயிற்சி, பாட்டு வகுப்பு, நூலகக் கூட்டம் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும், அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே தேங்கிக்கிடக்கும் வேலை நகர்கிறது என்று ஏடிஎச்டி உள்ள பலர் சொல்கிறார்கள். இரண்டு தோழிகள் ஒரே மேசையில் அவரவர் வேலையைப் பார்ப்பதும், ஒருவர் துணி மடிக்க மற்றவர் போனில் பேசுவதும் சேர்ந்து கழித்த மணி நேரக் கணக்கில் சேரும்.

தாமதமாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஆறு மணிக்குச் சந்திப்பு என்றால் அலாரத்தை ஐந்தே முக்காலுக்கு வைக்கிறார்கள். அலாரம் அடிக்க வேண்டியது கிளம்ப வேண்டிய நேரத்துக்கு. அதற்கு இருபது நிமிடம் முன்னால் இன்னொன்று, கையில் இருக்கும் வேலையை விடுவதற்கு. பேச்சில் குறுக்கிடும் பழக்கத்துக்கு, சொல்ல வந்ததன் ஒரு சொல்லை மட்டும் காகிதத்தில் கிறுக்கி வைத்தால் செயல்நினைவின் பாரம் இறங்கும். மீறிக் குறுக்கிட்டுவிட்டால், "குறுக்க பேசிட்டேன், நீ சொல்லு" என்ற வாக்கியம் நிலைமையைச் சீராக்கிவிடும். நடந்துகொண்டே பேசுவது சிலருக்கு இன்னும் எளிது.

எல்லோரையும் காப்பாற்ற முயல்வது தோல்வியில் முடியும். டன்பாரின் கணக்குப்படி எந்த மனிதருக்கும் மிக நெருங்கிய வட்டம் சுமார் 5 பேர், அடுத்த வட்டம் 15 பேர். அந்த ஐந்து பெயர்களை ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாலே நட்பு வாழ்க்கையின் பெரும்பகுதி கண் முன்னால் வந்துவிடும்.

எதிர்முனையில் இருப்பவர்

நட்பு இரண்டு பேர் தூக்கும் பல்லக்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் அமோரி மிக்காமி, ஏடிஎச்டி குழந்தையைத் திருத்துவதோடு நிற்காமல், வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளும் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்ளும்படி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 2013இல் வெளியான முடிவுகளில், அந்த வகுப்புகளில் ஏடிஎச்டி குழந்தைகள் ஒதுக்கப்படுவது குறைந்திருந்தது. பெரியவர்களின் நட்பிலும் மறுமுனையில் இருப்பவர் செய்யக்கூடியவை உண்டு.

அதில் முதன்மையானது, சோதித்துப் பார்க்காமல் இருப்பது. "இந்தத் தடவை அவளே கூப்பிடட்டும், பார்க்கலாம்" என்ற மௌனப் பரீட்சை அன்பை அளப்பதில்லை, வருங்கால நினைவை அளக்கிறது. மனக்கசப்பை ஜாடையாகக் காட்டுவதைவிட நேராகச் சொல்வது உதவும். "எல்லாத்தையும் மறந்துக்கோ, என் பொண்ணு அரங்கேற்றத்துக்கு மட்டும் வந்துடு. அன்னிக்குக் காலைல நானே போன் பண்றேன்" என்று சொல்லும் தோழி, எது முக்கியம் என்பதையும் நினைவூட்டலையும் ஒருசேரக் கொடுக்கிறாள். இதற்காக அவள் தன் வலியை விழுங்க வேண்டியதில்லை. காக்கவைக்கப்பட்டவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஏடிஎச்டி ஒரு விளக்கம் மட்டுமே, மன்னிப்புக் கேட்பதிலிருந்தும் முயற்சி எடுப்பதிலிருந்தும் அது விலக்குத் தராது.

யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது அவரவர் முடிவு. 2016இல் ஊடுருவிகள் திருடி வெளியிட்ட ஆவணங்களால், ஒலிம்பிக் ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் ஏடிஎச்டிக்கு மருந்து எடுத்துக்கொள்வது உலகத்துக்குத் தெரியவந்தது. அவர் மறைக்கவில்லை. சிறு வயதிலிருந்தே மருந்து எடுப்பதாகவும், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தார். நெருங்கிய ஐந்து பேரிடமாவது அந்தத் துணிச்சலோடு பேச முடிந்தால் பாதிப் புரிதல் அங்கேயே பிறக்கும்.

மருத்துவரிடம் எப்போது?

எல்லோருக்கும்தான் மறதி வருகிறது. அதனால் எல்லோருக்கும் ஏடிஎச்டி என்று ஆகிவிடாது. அறிகுறிகள் சிறு வயதிலிருந்து தொடர்ந்திருக்க வேண்டும், வீடு, வேலை, நட்பு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவர் நீண்ட நேரம் பேசி, முடிந்தால் பெற்றோரிடமும் விசாரித்து முடிவுக்கு வருகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் பட்டியல் ஒரு முதல் தடயம் மட்டும்தான். தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றநோய் ஆகியவையும் இதே முகத்தோடு வரலாம். பலருக்கு அவற்றில் ஒன்று ஏடிஎச்டியோடு கூடவே இருப்பதும் உண்டு.

இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட், அட்டமோக்ஸெடின் ஆகிய மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. முன்னது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. மாத்திரை எந்த நண்பரையும் கூப்பிட்டுப் பேசாது, ஆனால் கூப்பிட வேண்டும் என்ற எண்ணத்தைச் சற்று நேரம் கூடுதலாகப் பிடித்து வைக்க உதவலாம். மருந்து எடுத்தும் அறிகுறிகள் நீடித்த 86 பெரியவர்களிடம் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் பாஸ்டனில் நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனையில், திட்டமிடலையும் தவிர்ப்பை வெல்வதையும் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தளர்வுப் பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416ஐத் தமிழிலேயே அழைக்கலாம்.

இனி, பதில் கிடைக்காத அந்தச் செய்தி. இவ்வளவு நாள் கழித்துப் பேசினால் நண்பர் என்ன நினைப்பார் என்ற பயம் நியாயமானதா? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியு குழுவினர் 5,900க்கும் மேற்பட்டவர்களிடம் 13 சோதனைகள் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. அது ஏடிஎச்டி உள்ளவர்களுக்கென்று நடந்த ஆய்வு இல்லை, பொதுவானது. தொடர்பு விட்டுப்போன ஒருவரைத் திடீரென்று விசாரிப்பவர்கள், அது எதிராளிக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்த விசாரிப்பு என்றால் மகிழ்ச்சி இன்னும் கூடியது.

ஆகவே நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுத நல்ல நாள் பார்க்க வேண்டாம். உங்கள் கைபேசியிலும் அப்படி ஒரு செய்தி கிடக்கலாம், பதினொரு நாளாகவோ பதினொரு மாதமாகவோ. "அப்பா இப்ப எப்படி இருக்கார்டா? உன்னை நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன், பதில் போட விட்டுப்போச்சு" என்று இரண்டு வரி போதும். இந்த இதழை மூடி வைப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். மூடி வைத்துவிட்டால் மறந்துவிடக்கூடும்.